சாய்க்காமல் போகும் அகலம்

பாய்,

சட்டைப் பையில் எண்ணெய் கசிந்துவிட்டது. உங்கள் வீட்டுத் தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்தான். புட்டியின் மூடியை நான் சரியாக இறுக்கவில்லை போலிருக்கிறது. காலையில் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தேன். கரி வாசனையைத் தாண்டிக்கொண்டு இந்த வாசனை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் வாசலுக்கு எதிரே, தகரத் தடுப்பின் கீலுக்கு முன்னால் நாம் இரண்டு கிழவர்களும் குந்தி உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. வந்ததை விடக் கூடாது என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

நான்தான் எழுதுகிறேன், பாய். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. இஸ்திரி மேசைமேல் காகிதத்தை வைத்தால் அடியில் இருக்கும் போர்வை மெத்தென்று இருப்பதால் பேனா பொத்துக்கொண்டு போகிறது. அதனால் புதுச் சட்டைக்குள் வருகிற அட்டை ஒன்றை அடியில் வைத்திருக்கிறேன். நான்கு வரி எழுத ஒரு சட்டை தேய்க்கும் நேரம் ஆகிறது. முழுக்கைச் சட்டை. ஆனாலும் ஒவ்வொரு வரியும் முடிந்த பிறகு அதைத் திரும்பப் படித்துப் பார்க்கும்போது, மடித்து அடுக்கிய துணியைப் பார்ப்பதுபோல மனசு நிறைகிறது. நீங்கள் இருந்தால் "யோவ் முனுசாமி, வேலையைப் பாருய்யா" என்பீர்கள். துணிகள் காத்திருக்கட்டும்.

நம் தெருவில் சுரங்க ரயிலுக்குத் தோண்டுவதற்கு முன்பே உங்களுக்கு அந்த வேலை வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பாலம் கட்டி ஓய்வு பெற்ற மனிதரை மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த ஊரில் இனிமேல் நடக்கப்போகிற பெரிய வேலைகள் எல்லாவற்றுக்கும், சுரங்கமோ மேம்பாலமோ கால்வாயோ எதுவானாலும், நிலைத்தன்மைத் தரநெறிகள் எழுதுகிற குழு என்றீர்கள். எனக்கு அந்தப் பெயர் வாயிலேயே நுழையவில்லை.

"அப்படின்னா இன்னா பாய்?" என்று கேட்டேன்.

தெருவைக் கையால் காட்டினீர்கள். "கட்டுறவன் கட்டிட்டுப் போயிருவான். அவன் போன அப்புறமும் இந்தத் தெரு தெருவா இருக்கணும். தண்ணி இருக்கணும், மரம் இருக்கணும், இங்க இருக்கிறவங்க இங்கயே இருக்கணும். அதுக்கு முன்கூட்டியே விதி எழுதி வைக்கிறது."

அதன்பிறகு அந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை.

தியாகராய நகரில் கூட்டம் நடக்கும். நான் தேய்த்த வெள்ளைச் சட்டையில் போவீர்கள், மாலையில் கசங்கிப்போய் பஸ்ஸில் இறங்கி வருவீர்கள். வீட்டுக்குள் போகமாட்டீர்கள். புங்க மரத்தடியில் என் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு எழுதிய விதிகளை எனக்குப் படித்துக் காட்டுவீர்கள். படித்து முடித்ததும் நான் அதை என் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த விதியைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவீர்கள்.

முதல் நாள் தூசு பற்றிய விதி. என்னென்னவோ அளவு, அனுமதிக்கப்பட்டது, மிகாமல், மேற்படி.

"சொல்லு, என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியல பாய். திட்டுற மாதிரி கீது."

"நல்லது. அப்ப இது செத்துச்சு" என்று அடித்தீர்கள்.

எனக்குப் பயமாகிவிட்டது. படிக்காதவன் பேச்சைக் கேட்டு சர்க்கார் காகிதத்தில் கோடு போடுகிறாரே என்று. நீங்கள்தான் சொன்னீர்கள்: "இந்தத் தூசைத் தின்னப்போறது நீ. நீ படிச்சுப் புரிஞ்சுக்க முடியாத விதியை வச்சுக்கிட்டு நீ யாரைப் போய்க் கேப்ப?" பிறகு ஒவ்வொரு விதியையும் இரண்டாக எழுதினீர்கள். மேலே பொறியாளர்களுக்கான வரி, எண்களோடு. கீழே தெருக்காரர்களுக்கான வரி. தூசு விதிக்குக் கீழ் வரி இப்படி வந்தது: காலையும் மாலையும் மண்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்க வேண்டும். அதைப் படித்துக் காட்டியபோது நான் சிரித்துவிட்டேன். என் பிழைப்பே அந்த வரிக்குள் இருந்தது.

இப்படியே தண்ணீர் விதி வந்தது. சுரங்கத்துக்காக உறிஞ்சுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணுக்குள்ளேயே திரும்ப இறக்க வேண்டும் என்று. மர விதி வந்தது. அதை இந்தப் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினீர்கள். எல்லாவற்றையும் நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தேன், கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் வழி பற்றிய விதி வந்தது. தடுப்புக்கும் வீடுகளுக்கும் நடுவே, எதிரெதிரே வரும் இருவர் இடிக்காமல் கடக்கிற அகலத்துக்கு வழி விட வேண்டும். எளிதான வரிதான். நான் திருப்பிச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

"ஏன்யா, இதுவுமா புரியல?"

"புரியுது பாய். அகலம் பத்தாது."

அப்போதுதான் என் பெண்சாதி கன்னியம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் போனபோது நீங்கள் வெளியூரில் ஒரு பாலத்தில் இருந்தீர்கள். துக்கம் கேட்க வந்தீர்கள், ஆனால் அவள் எப்படிப் போனாள் என்பது உங்களுக்குத் தெரியாது. அப்போது மழைநீர்க் கால்வாய்க்காக இதே தெருவைத் தோண்டி, தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மின்சாரப் பெட்டி இருக்கிற அந்தத் திருப்பத்தில் பாடை திரும்பவில்லை. முன்னால் தூக்கியவர்கள் தாழ்த்தினார்கள், பின்னால் தூக்கியவர்கள் உயர்த்தினார்கள், கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் கொண்டுபோனார்கள். மாலையெல்லாம் சரிந்து மண்ணில் விழுந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டது. "பாத்து, பாத்து" என்று எல்லோரும் கத்தினார்கள், கட்டில் இறக்குகிறபோது கத்துவதுபோல. தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் எடுத்து வந்தால் ஒரு சொட்டு ததும்பாமல் வருவாள், பாய், அவள்.

நீங்கள் காகிதங்களை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் மாலை அளவெடுக்கும் டேப்போடு வந்தீர்கள். ஏற்கெனவே சுரங்க ரயிலுக்கான தடுப்பு நம் தெருவில் நின்றிருந்தது. வீடுகளுக்கு முன்னால் நீளமாக, பச்சைத் தகரம். பாடைக்குப் பதிலாக டீக்கடைப் பெஞ்சைத் தூக்கச் சொன்னீர்கள். ஆட்டோ ஓட்டுகிற டில்லியும் டீ மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் தோளில் வைத்தார்கள்.

டில்லி ஆரம்பித்தான். "இன்னா பாய், வெறும் பெஞ்சைத் தூக்கினா வெயிட்டு எப்பிடித் தெரியும்? யார்னா மேல படுக்கணும்ல?"

"நானே படுக்கிறேன், இறக்கு."

"ஐயே, வேணாம் பாய். பாயம்மா எங்களை உயிரோட வுடாது."

நீங்கள் படுத்தேவிட்டீர்கள். தெருவே கூடிவிட்டது. "ஆட்டாதடா டில்லி, சட்டை கசங்கப்போவுது, முனுசாமி என்னைக் கொன்னுருவான்" என்று மேலேயிருந்து சொன்னீர்கள். "கண்ணை மூடிக்கினு படு பாய், அப்பதான் கரெக்டா இருக்கும்" என்றான் அவன். பால்கனியிலிருந்து பாயம்மா கத்தினார்: "என்னங்க இது! முதல்ல இறங்குங்க! மஃரிப் தொழுகை நேரத்துல விளையாடுற விளையாட்டா இது?"

"விளையாட்டு இல்லம்மா, கவர்மெண்ட் வேலை!"

அத்தனை பேரும் சிரித்துக்கொண்டேதான் திருப்பத்துக்குப் போனோம். அங்கே பெஞ்சு திரும்பவில்லை. டில்லி தாழ்த்தினான், மாஸ்டர் உயர்த்தினார், பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உங்கள் இரண்டு கைகளும் தானாகவே பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. சிரிப்பு நின்றுவிட்டது. இறக்கிவிட்ட பிறகு நீங்கள் என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்.

"அவளால பிடிச்சுக்க முடியலையே, முனுசாமி."

அன்று இரண்டாவது தடவையாக அந்த விதியை எழுதினீர்கள். நால்வர் தோளில் சுமந்து, சாய்க்காமல் கொண்டுபோகும் அகலம்.

குழுவில் அது எளிதாகப் போகவில்லை. நீங்கள் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். தலைவர் கெட்டவர் இல்லை என்பீர்கள். "மரணத்தை எல்லாம் தரநெறியில் எழுதினால் படிப்பவர் முகம் சுளிப்பார்கள், போதுமான அகலம் என்று போட்டுவிடலாம்" என்றாராம். அதற்கு நீங்கள், "போதுமான என்று எழுதினால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். சாய்க்காமல் என்று எழுதினால் மாறாது" என்றீர்களாம். இன்னொரு கஷ்டமும் இருந்தது, அது நியாயமான கஷ்டம். அவ்வளவு அகலத்தை எப்போதும் தெருவுக்கு விட்டுவிட்டால் இயந்திரம் நிற்க இடம் இல்லை. அதற்கு வழி சொன்னது குழுவில் இருந்த இளம் பொறியாளர்ப் பெண். தடுப்பில் ஒரு தகட்டை மட்டும் கீல் வைத்துக் கதவு மாதிரி ஆக்கிவிடலாம், தேவைப்படும்போது தெருக்காரர்களே திறந்து, வேலை நடக்கிற இடத்தின் ஓரமாக நேராகப் பெரிய சாலைக்குப் போகட்டும் என்றாள். அந்த யோசனை உங்களுடையது இல்லை, அந்தப் பொண்ணுடையது என்று நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்!

வேலை நடக்கிற இடத்துக்குள் ஆட்களை விடுவது ஆபத்து என்று தலைவர் தயங்கினார். கடைசியில் ஒரு தெருவில் வைத்துப் பார்ப்போம், சரிவந்தால் விதி இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்று முடிவானது. அந்த ஒரு தெரு நம் தெரு.

நாம் இரண்டு பேரும் நினைத்துப் பார்க்காத ஒன்று அங்கேதான் நடந்தது. கதவு வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தன் வீட்டு வாசலுக்கு எதிரே வேண்டாம் என்றும் எல்லோரும் சொன்னார்கள்.

அந்தப் பொறியாளர்ப் பெண் சாக்கட்டியோடு வந்து தகரத்தில் கோடு போடுவாள். அவள் நகர்ந்ததும் யாராவது ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள்.

"என் மருமவ மாசமா கீறா. தெனமும் கண்ணு முழிச்சா சாவு வாசல்லயா முழிக்கணும்?"

"அப்ப எங்க வாசல்ல மட்டும் வைக்கலாமா? உன் வீட்டு முன்னாடியே வச்சுக்கோ. உன் மாமியாருதான் இதோ அதோன்னு இழுத்துக்கினு கீதே!"

"என் மாமியார் உன்னை அனுப்பிட்டுத்தான் போவும்!"

என் அறை உள்சந்தில் இருக்கிறது, அங்கே தடுப்பே இல்லை. இருந்திருந்தால் என் வாசலைக் கொடுத்திருப்பேன். அந்தப் பெண் தவித்துப்போய் நின்றாள். மாலைக்குள் இடம் கிடைக்காவிட்டால் தெருக்காரர்களே மறுத்துவிட்டார்கள் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டால் விதி போய்விடும். நான் வண்டியை விட்டு நகராமல் நின்றிருந்தேன். கன்னியம்மாவை இரண்டாவது தடவை அந்தத் திருப்பத்துக்குத் தூக்கிவந்துவிட்டது போல இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து தொப்பியைக் கழற்றாமலே வந்தீர்கள். சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டீர்கள். பிறகு உங்கள் வீட்டுப் படியில் நின்று, எதிரே இருந்த தகட்டைக் கையால் தட்டினீர்கள்.

"இங்க போடும்மா கோடு."

மாசமான மருமகளைச் சொன்ன அந்த அம்மாவே, "வேணாம் பாய், உங்களுக்கு ஏன்?" என்றார்.

"எனக்கு முட்டி வலி. கிட்ட இருந்தா நல்லதுதானே?"

டில்லி விடுவானா? "பாய் சீட்டு ரிசர்வ் பண்ணிக்கினாருடோய்!"

"ஆமாண்டா. வெயிட்டிங் லிஸ்ட்டுல நீ இருக்க."

சிரித்துக்கொண்டே அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் உள்ளே போகுமுன் பால்கனியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததை நான் கவனித்தேன். பாயம்மா துணியைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தகடு பொருத்திய முதல் வாரமே கீல் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்தீர்கள். "சாவு வீட்டில ஏற்கெனவே அழுகை இருக்கும். இதுவும் சேர்ந்து அழணுமா?" என்றீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் நீங்கள் சொட்டு விடுவீர்கள், நான் தகட்டை முன்னும் பின்னும் ஆட்டுவேன். சத்தம் போகும்வரை. எண்ணெய் பட்ட கையைத் துடைக்க என் வண்டியிலிருந்து துணி எடுப்பீர்கள், நான் திட்டுவேன். தடுப்பில் ஒரு பலகை மாட்டி, விதிகளின் கீழ் வரிகளை எல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார்கள். "இதெல்லாம் உன் வாயில வந்து தேறுன வரிங்க. ஒரு நாள் நீயே நின்னு படிக்கணும்யா" என்பீர்கள். "இந்த வயசுலயா பாய்?" என்பேன். "நான் இந்த வயசுல பெஞ்சு மேல படுக்கலையா?" என்பீர்கள்.

அந்தத் தகட்டை முதலில் திறக்க வேண்டி வந்தது உங்களுக்காகத்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அன்று காலையில்தான் சட்டை வாங்கிக்கொண்டு போனீர்கள். அன்று மாலையே, அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். உங்கள் மகன் வெளியே வந்து என்னைத் தேடினான். நான் ஏற்கெனவே தாழ்ப்பாள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இழுத்தேன். கீல் கத்தவில்லை, பாய். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. அந்தப் பக்கம் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வேலைக்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

உங்களை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்கள். தோள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள் இல்லையா, உங்கள் மகன் என்னைப் பார்த்து ஒதுங்கி இடம் கொடுத்தான். நான் கால் பக்கம் பிடித்தேன். எனக்குப் பக்கத்தில் டில்லி. தகட்டின் வழியாகப் போகும்போது நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேதான் போனேன். எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு பக்கமும் தாழவில்லை. தளும்பாமல் போனீர்கள், பாய். பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அது உங்களுக்காகவா கன்னியம்மாவுக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

பிறகு தெருவில் பேச்சு மாறிவிட்டது. அந்த வாசல்தான் பாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். முன்பு உங்களோடு சேர்ந்து சிரித்தவர்களே சொன்னார்கள். துக்கம் கேட்க அந்தப் பொறியாளர்ப் பெண் வந்தபோது, தகட்டை எடுத்துவிடு, யாருக்கும் வேண்டாம் என்று நான்கைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளும் கலங்கிப்போயிருந்தாள். "நான்தான் கீல் வைக்கச் சொன்னேன்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். எனக்கே உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அந்த வரியை உங்கள் மேல் ஏற்றியது நான்தானே.

பாயம்மா உங்களுக்கான இத்தாத் துக்கத்தில் இருந்தார், வெளியே வரமாட்டார். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அது இருக்கட்டும். அவர் நேராப் போனார்."

அவ்வளவுதான் சொன்னார். கூட்டம் கலைந்துவிட்டது. அந்தப் பெண் திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வேலை முடியும்வரை தகடு அங்கேயே இருந்தது. மாமியாரை வைத்துச் சண்டை போட்டார்களே, அந்தக் கிழவியும் அதன் வழியாகத்தான் போனார். அப்போது சாவு வாசல் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணெய் விடுவதை நான் நிறுத்தவில்லை. பாயம்மா நங்கநல்லூருக்கு மகன் வீட்டோடு போனபோது, போகிற அவசரத்திலும் என்னைக் கூப்பிட்டு அந்தப் புட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து தடுப்பை எல்லாம் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். பலகையும் போய்விட்டது. தெரு அகலமாகக் கிடந்தது. புங்க மரம் நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கொடியில் துணி வெள்ளையாகக் காய்கிறது. நீங்கள் சொன்னபடி தெரு தெருவாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. நம் தெரு சோதனைக்குத்தானே? கடைசியாக எழுதி முடித்த விதிகளில் அந்த வரி இருக்கிறதா? நீங்கள் இல்லாத கூட்டத்தில் யாராவது அதைப் போதுமான அகலம் என்று மாற்றிவிட்டார்களா?

யாரையாவது கேட்டிருக்கலாம். டில்லி கேட்டுச் சொல்லியிருப்பான். ஆனால் அதை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. இவ்வளவு நாளும் நீங்கள் படித்து நான் கேட்டேன். இனிமேல் கேட்பதென்றால் உங்கள் குரலில் கேட்க வேண்டும், அது நடக்காது. அப்போதுதான் கார்ப்பரேஷன் பள்ளியில் மாலை வகுப்பு நடக்கிறது என்று தெரிந்து போய் உட்கார்ந்தேன். குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, முட்டி இடிக்கும். பக்கத்தில் பூ விற்கிற அம்மாக்கள். கரிக் கையால் எழுதினால் காகிதமெல்லாம் என் கைரேகைதான் இருக்கும். அதனால் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போவேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து வரும்போது, நின்றிருந்த பஸ்ஸின் நெற்றியில் இருந்தது தானாகவே வாய்க்குள் வந்துவிட்டது. அடையாறு. யாரும் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அதுவாக வந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன், பாய். கண்டக்டர் "ஏறுறியா பெரிசு, இல்லையா?" என்று கத்தினான். "ஏறல நைனா, படிச்சேன்" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அடையாறில் புதிதாகத் தோண்டுகிறார்கள் என்று டில்லிதான் சொன்னான். நேற்று வண்டியை மூடிப்போட்டுவிட்டு, நீங்கள் கூட்டத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

தடுப்பு அதே பச்சைதான். பலகையும் இருந்தது. கிட்டப் போய் நின்று விரலை வைத்துப் படித்தேன். காலையும் மாலையும் மண்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடுத்தது வெள்ளைத் துணி. என் வெள்ளைத் துணி, பாய், அடையாறில்! அடுத்து தண்ணீர், மரம். அதற்குக் கீழே யாரோ கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மீசை வைத்த ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். விதியின் மிச்சம் அவருக்குப் பின்னால் இருந்தது. கிழிக்க மனசு வரவில்லை. அவருக்கும் யாராவது இருப்பார்கள்.

தடுப்போடு ஒட்டி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பலகை. இந்தத் தடவை மேலே இருந்து படிக்கவில்லை. நேரே கடைசிக்குப் போனேன். கண் கொஞ்சம் மங்கியது, துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். நால்வர் தோளில் சுமந்து. அங்கே நிறுத்திவிட்டேன். அடுத்த வார்த்தைக்குப் போகப் பயம். பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது, ஒதுங்கி நின்று மறுபடியும் விரலை வைத்தேன்.

சாய்க்காமல்.

இருக்கிறது, பாய். யாரும் எடுக்கவில்லை. சாய்க்காமல் கொண்டுபோகும் அகலத்துக்கு இந்தத் தடுப்பில் ஒரு தகடு திறக்கும், தெருக்காரர்கள் யாரையும் கேட்காமல் திறக்கலாம். உங்கள் பெயர் அங்கே இல்லை. கன்னியம்மா பெயரும் இல்லை. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நான் நம் மூன்று பேருக்குமாகச் சேர்த்து அதைச் சத்தமாகப் படித்தேன். பிறகு பலகையைப் பார்க்காமல் ஒரு தடவை திருப்பிச் சொன்னேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது போல.

அந்தத் தகடு ஒரு மாடி வீட்டு வாசலுக்கு எதிரே இருந்தது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். கிறீச்சென்று ஊரைக் கூட்டியது. பையிலிருந்து புட்டியை எடுத்தேன்.

வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். "தாத்தா, என்ன ஊத்துறீங்க? நீங்க வேலைக்காரரா?"

"இல்லம்மா. எண்ணெய்தான். கத்துது பாரு."

"கத்தட்டும் தாத்தா, யார் திறக்கப் போறாங்க? எல்லாரும் வேணாம்னுட்டு கடைசியில எங்க வாசல்ல கொண்டுவந்து வச்சுட்டாங்க. சாவு வாசலாம். எங்க மாமனார் நாலு நாளா சரியாச் சாப்பிடல."

"உங்க மாமனாருக்கு முட்டி வலி உண்டா?"

"இருக்கே, ஏன்?"

"அப்ப கிட்ட இருந்தா நல்லதுதான்னு சொல்லு. மைலாப்பூர்ல ஒரு பாய் சொன்னாருன்னு சொல்லு."

அவள் முதலில் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து ஒரு கிழக்குரல், "யாரு அது?" என்று கேட்டது. அவள் என் பக்கத்தில் வந்து, நான் சொட்டு விட விட, தகட்டை முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுத்தாள். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

திரும்பும்போதுதான் மூடியைச் சரியாக இறுக்காமல் பையில் போட்டிருக்கிறேன். கறை போகாது, எனக்குத் தெரியும். இருக்கட்டும். புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் போகும்போது அந்த மாமனார்க் கிழவரைப் படிக்கு வந்து நிற்கும்படி அவளிடம் சொல்லி வந்திருக்கிறேன்.

முனுசாமி
புங்க மரத்தடி